விற்க வராத மீன்

முட்டுக்காட்டு உப்பங்கழியில் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து, பஸ் மாறி எங்கள் சேலையூர் தெருவுக்கு வருவார் அந்த மீன்காரம்மா. ஒல்லியான உடம்பு, உப்பில் வெளுத்த கைகள். விலை பேசும் முன்பு ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துச் சிவப்பைக் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருடம், கொளுத்தும் மே மாதத்தில் கூடை நிறைய மடவை மீனோடு வந்தார். நான் பாத்திரத்தை நீட்டியபோது தடுத்தார்.

"வாணாம்க்கா. இது நாங்க புடிச்ச மீனு இல்ல. காத்தால தானா செத்து மெதந்துச்சு."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மழ இல்ல. முகத்துவாரத்த மணலு மூடிக்கிச்சு, கடல் தண்ணி உள்ள வரல. கழியில கால் வெச்சா சுடுதுக்கா. கரையெல்லாம் இப்டிதான் கீது."

"அப்புறம் எதுக்கும்மா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தே?"

"சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க. யாராச்சும் கண்ணால பாக்கணும்னு தோணுச்சு."

அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். பிறகு வரவேயில்லை. பார்த்துவிட்ட நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.