லாந்தர்காரன் கதை எங்கே தொடங்குகிறது

“உங்க வீட்டுல யாருக்குமே படிக்கத் தெரியாதே, அப்புறம் எப்படி இந்தக் கதை உனக்குப் புரியும்?” என்று அந்தப் பையன் கேட்டபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அவன் பெசன்ட் நகர் அடுக்குமாடி வீட்டுப் பையன். அவன் அம்மா என் அம்மாவிடம்தான் மீன் வாங்குவார். அந்த உரிமையில் எங்கள் ஊரூர் குப்பத்துச் சந்துக்குள் பள்ளிக்கூட டையோடு வந்து போவான். கெட்ட எண்ணத்தில் கேட்டான் என்று இப்போது தோன்றவில்லை. தனக்குத் தெரிந்த விவரத்தைச் சொன்னான். விவரமும் சரிதான். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பு வரை ஏறிய முதல் ஆள் நான். அதை நானே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அவன் சொன்ன கதை, என் மாமாவின் கடையில் ஓடிய வீடியோ கேமின் கதை. மாமா என் அம்மாவுக்குத் தம்பி. வலை இழுக்கும்போது தோள்பட்டை விலகி, கடலுக்குப் போக முடியாமல் ஆனபின், எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு டிவியும் இரண்டு பழைய கேம் பெட்டிகளும் வைத்துக் கடை போட்டார். கார் ஓட்டும் கேம், குத்துச்சண்டை கேம் எல்லாம் இருந்தன. பையன்கள் கேட்டது என்னவோ ஒன்றைத்தான். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதன் எல்லாப் பாகங்களின் உறையிலும் ஒருவன் லாந்தர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதால் எங்களுக்கு அது லாந்தர் கேம்.

அதில் சண்டை குறைவு, பேச்சு அதிகம். பேச்சு முழுக்க இங்கிலீஷில் திரையின் அடியில் எழுத்தாக வரும். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்வார்.

“இந்தக் கெய்வி இன்னா சொல்றான்னா, ‘டேய் நைனா, ஆத்தாண்ட போவாத, பாலம் ஒடஞ்சி கீது, உங்கப்பனும் இப்டிதான் சொன்ன பேச்சு கேக்காம போனான்’ங்கறா.”

பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்பார்கள். 

மாமாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயம் கடையில் ஒருவருக்கும் தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். கடலை விட்டபின் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அந்த ஸ்டூலின் மேல்தான் இருந்தது. நான் என் பங்குக்கு ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

சிக்கல், பாகங்களின் வரிசையில் வந்தது. டிஸ்குகளை மாமா பழைய சாமான் கடைகளில் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். வந்த வரிசையில் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். ஒன்றில் லாந்தர்காரன் நரைத்த தாடியோடு வந்தான். மூன்றில் மீசை அரும்பும் பையனாக வந்தான். எப்படி என்று கேட்டதற்கு, “மருந்து சாப்ட்டான்டா, எளமயாயிட்டான்” என்றார் மாமா. எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கு அந்த மருந்து இறங்கவில்லை. ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் பிடிக்கும் வேகம் எனக்கும் இல்லை. அதனால் எழுத்தை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தேன். ஒரு பாகத்தில் லாந்தர் கண்ணாடி முழுதாக இருந்தது. இன்னொன்றில் கீறல். வேறொன்றில் கீறலின் மேல் கம்பி சுற்றியிருந்தது. ஒன்றில் ஆற்றுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொன்றில் அது இடிந்து கிடந்தது. கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் பாகத்துக்கு ஒரு தாளாகக் குறித்து, தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கினேன். மூன்று முதலில் போயிற்று. இரண்டும் நான்கும் அதன் பின். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் மாமா சொன்னதெல்லாம் பொய்யென்று ஆகிவிடுமே.

அரைப் பரீட்சை லீவில் ஐந்தாவது டிஸ்க் வந்தது. அன்று அறை நிரம்பியிருந்தது. அந்த டை கட்டும் பையனும் முன்வரிசையில் இருந்தான். கேம் தொடங்கியதும் அரியணையில் ராஜா உட்கார்ந்திருந்தான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ராஜா இன்னா சொல்றார்னா...” என்று ஆரம்பித்தார்.

“அங்கிள், அந்த ராஜாவை ரெண்டாவது பாகத்துலயே எரிச்சுட்டாங்களே? அதுல அவருக்கு ஒரு கண்ணுதானே இருந்துச்சு?” என்றான் டை கட்டும் பையன்.

திரையில் ராஜாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன.

“பொழச்சிக்கினான்” என்றார் மாமா.

பையன் பட்டனை அழுத்திப் படத்தை நிறுத்தினான். ராஜாவின் காலடியில் ஒரு வரி எழுத்து அசையாமல் நின்றது. “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க அங்கிள்” என்றான். அவன் கண் எழுத்தில் இல்லை, மாமாவின் முகத்தில் இருந்தது.

எத்தனையோ மீன்களை ஒற்றைப் பிடியில் அடக்கிய மனிதர், ஒரு வரியைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறைக்கு ஓடி, அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்து வந்தேன்.

“மாமா விளையாட்டுக்குச் சொல்றாரு. ராஜா இன்னும் சாவல. இது ரெண்டாவதுக்கு முன்னாடி நடக்கிற கத. லாந்தரைப் பாரு, கண்ணாடியில கீறலே இல்ல.”

தாள்களை வரிசையாக அடுக்கிக் காட்டினேன். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான், உங்கள் வீட்டில் யாருக்குமே படிக்கத் தெரியாதே என்று. எனக்கு முகம் சுட்டது.

“சரி, நீ படிச்சவன்தானே. நீயே படி” என்றேன். அந்த வரியில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது.

அவன் திரும்பி முதல் முறையாக அந்த வரியைப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: “பதினேழு வருஷத்துக்கு முன்னாலன்னு போட்டிருக்கு.”

அறை கூச்சலில் அதிர்ந்தது. நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியை அதற்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று மட்டும்தான் உணர்ந்தேன்.

“இன்னாடா முயிக்கிற? பாப்பா சொன்னது காதுல வுயுந்துச்சா? இத்ததான் நானே சொல்ல வந்தேன், அதுக்குள்ள நிறுத்திட்ட” என்று மாமா மறுபடி ஸ்டூலில் நிமிர்ந்தார். டை கட்டும் பையன் என் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்றான். அன்று சாயங்காலம் பழைய எண்களை அழித்துப் புது எண்கள் போடும் வேலையை மாமா என்னிடம் கொடுத்தார்.

மாமாவின் மானத்தைத் தனி ஆளாகக் காப்பாற்றினேன் என்ற பெருமையில்தான் நான் வளர்ந்தேன். கல்லூரி முடித்து, தேனாம்பேட்டையில் கேம்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை. சென்ற மாதம், அன்று கடையில் இருந்த பையன்களில் ஒருவன், இப்போது படகு இன்ஜின் மெக்கானிக், மீன் சந்தையில் எதிர்ப்பட்டான். பேச்சோடு பேச்சாக இதை அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டான்.

“உங்க மாமாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா? கீய ஒரு வரி எயுத்து வரும், அவரு அஞ்சு நிமிஷம் கத சொல்லுவாரு. நாங்க அத்தக் கேக்கத்தான் வந்துக்கினு இருந்தோம். அன்னிக்கி அந்தப் பையன் படிங்கன்னு சொன்னதும் நான் டிவி பிளக்குல கை வச்சிட்டேன், புடுங்கிடலாம்னு. அதுக்குள்ள நீ பேப்பர தூக்கிக்கினு வந்துட்ட.”

தனக்குப் பின்னால் சுவரோரம் இன்னொரு கை காத்திருந்ததை அன்றைய ஆறாம் வகுப்புச் சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேர் சேர்ந்து ஒரு மனிதரின் கதையைக் காவல் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவும் இல்லை.

போன ஞாயிறு மாமாவை உட்காரவைத்து முதல் பாகத்தை முழுக்கச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். அந்த கேமை உருவாக்கியவர்களின் வரி ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாம் அவருடையவை. முப்பது பக்கத்துக்கு எழுதி, புதுக் கதைகள் கேட்டிருந்த எங்கள் அலுவலகக் குழுவுக்கு நேற்று அனுப்பிவிட்டேன். கதை என்ற இடத்தில் மாமாவின் பெயர். எழுத்து என்ற இடத்தில் என் பெயர்.