தேசம்மாவின் ஆறே முக்கால் மணி நேரம்

சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில் எனக்கும் தேசம்மாவுக்கும் நடுவே ஒரு ஐஸ் பெட்டிதான் இடைவெளி. பன்னிரண்டு வருஷமாக அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டே மீன் அரிவேன்.

அவள் மகள் ஆஷா சிங்கப்பூரில் நர்ஸ். ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு வா என்று தினமும் வீடியோ காலில் கெஞ்சுவாள். பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது. காலை பத்துக்கு ஏறினால் மாலை நாலே முக்காலுக்கு இறங்கலாம் என்று விமான நேரத்தையும் அனுப்பியிருந்தாள். தேசம்மா விரல்விட்டு எண்ணி, ஆறே முக்கால் மணி நேரம் என்று முடிவு கட்டினாள். அதைச் சொல்லித்தான் பெருமையடிப்பாள். அதைச் சொல்லித்தான் போகவும் மறுப்பாள். வாழ்நாளெல்லாம் பலகையில் குந்தியவள். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டுப் போய்வந்து, கால் வீங்கி ஒரு வாரம் கடை போடவில்லை.

"அவ்ளோ நேரம் தொங்கவுட்டா காலு வெடிச்சிரும். இன்னாத்துக்கு வம்பு?" என்பாள்.

என் மகள் ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். குளித்துவிட்டு வா, மாமியார் முகம் சுளிக்கிறார் என்பாள். இரண்டு பிரசவத்துக்கும் என்னை ஆஸ்பத்திரி வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆஷாவின் வீடியோ கால் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். செதிலை அழுத்தித் தேய்ப்பேன்.

வாடிக்கைக்காரர் ஜமீலுன்னிசா அம்மா, மகனைப் பார்க்க சிங்கப்பூர் போய்வருகிறவர். ஆறே முக்கால் மணி நேரமா ஆகும் என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நாலு மணி நேரம், மேல கொஞ்சம். அங்க கடிகாரம் ரெண்டரை மணி முன்னாடி ஓடும்மா, அதான் ஜாஸ்தியா தெரியுது" என்றார்.

தேசம்மாவிடம் மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸ் போடும் கபாலியிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவ பொண்ணு ஒரு பஸ்ஸு தூரத்துல கீது. வான்னு ஒரு வார்த்த இல்ல. என் பொண்ணு ஆறே முக்கா மணி நேரம் பறக்கற தூரத்துலேந்து கூப்டுக்கினே கீது."

"நாலு மணி நேரந்தான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அங்க மணி முன்னாடி ஓடுது. போய் வந்தவங்க சொன்னாங்க. சும்மா பீலா வுடாதக்கா."

கபாலி சிரித்தான். "இன்னாக்கா, ரெண்டரை மணி நேரம் எக்ஸ்ட்ரா ஓட்டிக்கினு இருந்தியா?"

அவமானப்படுவாள் என்று நினைத்தேன். தேசம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நெசமாவா? நாலுன்னா போயிடுவேன்டி."

இரண்டு வாரத்தில் டிக்கெட் வந்தது. கிளம்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னாலதான் போறேன். என் கடைய ஒரு மாசம் பாத்துக்க."

நல்லபடியாகப் போய் வா என்று சொல்லியிருக்கலாம். சங்கரா மீன் கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள் என்று கையை உருவிக்கொண்டேன்.

இப்போது அவள் வாடிக்கையெல்லாம் என்னிடம்தான் வருகிறது. வருகிறவர்கள் முதலில் ஆஷாவைத்தான் விசாரிக்கிறார்கள். பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ என்று நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.