கும்பகோணத்தில் சிறுவாணித் தண்ணீர்

என் கணவருக்குக் கோயில் என்றால் வாசல் வரைக்கும்தான். பீளமேட்டில் சின்னதாக ஒரு பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார். மருதமலைக்குப் போனால் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். பேரூருக்குப் போனால் வெளியே யாராவது தெரிந்தவர் அகப்பட்டுவிடுவார். நான் மட்டும் தேங்காய் பழத்தட்டோடு உள்ளே போய், அவர் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வருவேன். "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்காத குருக்கள் கிடையாது. "பட்டறையில வேலையிருக்குதுங்க" என்று முப்பது வருஷமாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அதனால் போன தை மாதம் கும்பகோணத்துக்குக் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டேன். "ஒரே ஒரு கோயில்லயாவது நீங்க எம்பக்கத்துல நின்னு ரெண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை பண்ணோணும். இல்லீன்னா இனிமே உங்களோட எங்கயும் வரமாட்டனுங்க."

"அதுக்கென்ன அம்மணி, நின்னுபோட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

துணிமணி ஒரு பை, சிறுவாணித் தண்ணீர் ஒரு கேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சிறுவாணியைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீரே இல்லை என்று நினைப்பது. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. "காவேரி ஓடற ஊருக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறது நாம மட்டுந்தான்" என்று முனகிக்கொண்டே கேனைத் தூக்கி வந்தார்.

முதல் நாள் சாயங்காலம் மகாமகக் குளத்துக்குப் போனோம். கரையைச் சுற்றி இருக்கும் மண்டபங்களை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் படியில் உட்கார்ந்து, பத்து எச்.பி. மோட்டார் இரண்டு போட்டால் குளத்தை இறைக்க எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் முதல் கோயிலில் ஆட்டோக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். அவர் அண்ணன் தோட்டத்து போர்வெல்லில் ஏதோ கோளாறாம். அடுத்த கோயிலில் கூட்டம் எங்களை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டது. திரும்பின பக்கமெல்லாம் கோபுரம் தெரிகிற ஊரில் ஒரு மனுஷனை ஒரு சன்னிதியில் நிறுத்த என்னால் முடியவில்லை.

கடைசியாக ஒரு சந்துக்குள் கூட்டமே இல்லாத சின்னச் சிவன் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் ரயிலோ மூன்றேகாலுக்கு. இதை விட்டால் வேறு கோயில் கிடையாது. வாசலில் தேங்காய், பூ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் கேனும் கையுமாகக் கொடிமரத்தைக் கும்பிட்டுத் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோயிலையே மூன்று சுற்றுச் சுற்றியிருப்பேன். அரைச் சுற்றிலேயே அகப்பட்டார். மடப்பள்ளிக்குப் பின்னால் கிணற்றடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டாருக்கு முன்னால் குத்தவைத்திருந்தார்.

"ஏனுங்க, இங்கயுமாங்க? நடை சாத்தப்போறாங்க!"

"மோட்டார் ஓடுது, தண்ணி வர்ல பாரு. பைப்பு ஜாயிண்டுல காத்து இழுக்குது. சத்தத்தைக் கேட்டாத் தெரியலையா உனக்கு?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. முப்பது வருஷம் பட்டறைக்கு விட்டுக்கொடுத்தாயிற்று, அரைமணி நேரம் எனக்குக் கிடைக்காதா என்று அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் குருக்கள் காலிக் குடத்தோடு ஓடிவந்தார். "கிடைச்சுதா தண்ணி? உச்சிக்கால அபிஷேகம் ஆகணும். அது ஆகாம நான் எப்படி நடை சாத்தறது?"

சாத்த முடியாது என்று காதில் விழுந்ததும் என் அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேணுங்க?" என்றேன். இவர் என் கையிலிருந்த கவரை வாங்கித் தேங்காயையும் பூவையும் என் மடியில் போட்டார். பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குழாய் இணைப்பில் இறுக்கிச் சுற்றினார். பூ கட்டியிருந்த வாழைநாரை உருவி மேலே கட்டினார். "இனி பம்புக்குள்ள தண்ணி ஊத்தி நெப்போணும், அப்பத்தான் கெணத்துத் தண்ணிய இழுக்கும். ஒரு சொட்டுக்கூட இல்லையே" என்றவர், என் கேனைப் பார்த்தார். நான் கேனைப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் போயிற்று. ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் இரண்டு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. குருக்கள் குடத்தை நீட்டினார். காவிரிக்கரைச் சிவனுக்கு அன்றைய அபிஷேகத்தில் சிறுவாணியும் கொஞ்சம் கலந்துதான் இருந்திருக்கும். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

அபிஷேகம் முடிந்து திரை விலகியபோது மணி பன்னிரண்டே கால். சன்னிதியில் நாங்கள் இரண்டே பேர். இவர் கையில் கிரீஸ், வேட்டியெல்லாம் ஈரம். ஆனால் என் பக்கத்தில் நின்றார். குருக்கள் உதிர்ந்த பூவை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். வழக்கம்போல இவர் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் என் பேரைச் சொல்லி, "அனுஷம்ங்க" என்றார்.

என் நட்சத்திரம் இவருக்குத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

"உங்க நட்சத்திரம்?" என்று குருக்கள் இவரைக் கேட்டார்.

"அது இவளுக்குத்தான் தெரியுமுங்க."

நான் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

ரயிலில் திருச்சி தாண்டுகிற வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"என்ற நட்சத்திரம் உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பட்டறையில ஐயர் கேப்பாரே. உன்ற பேரைச் சொல்லித்தானே மெசினுக்கெல்லாம் பொட்டு வெக்கறது."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"நீ ஒரு நாளும் வந்ததில்லையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வயலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உண்மைதான். வீட்டுப் பூஜை இருக்கிறது, கிரீஸ் நாற்றம் ஆகாது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறேன். அவர் வாசலில் நின்ற கணக்கை மட்டும் வைத்திருந்தவள், என்னுடையதை விட்டுவிட்டேன். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி முதலில் அவருக்குக் கொடுத்தேன்.

"இந்த வருசம் ஆயுத பூசைக்கு நானும் வாரனுங்க" என்றேன்.

"வா அம்மணி. ஆனா நேரத்துக்கு வந்துரு" என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "பன்னண்டு மணிக்கு நடை சாத்திப்போடுவோம்."