ஆடு ஏறும் கோபுரம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அலுவலக ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஏசி பெட்டியின் முதுகு தெரியும். அதன்மேல் ஒரு புறா. எங்களுக்கு வாய்த்த இயற்கைக் காட்சி அவ்வளவுதான். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் நான் ஒரு கிராமத்து ஏரிக்கரைக்குப் பார்வைக் கோபுரம் வரைந்தேன்.

கட்டச் சொன்னவர் பெசன்ட் நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற டாக்டர். பறவைப் பைத்தியம். அந்த ஏரிக்கு வரும் நாரைகளை உயரத்தில் நின்று ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை, செலவும் அவருடையது. இடம் கொடுத்த ஊர்க்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஏரி நிரம்பி ஊருக்குள் தண்ணீர் வந்தால் தாங்கள் ஏறி நிற்க அது உதவ வேண்டும். அதற்கென்ன, மேல் தளத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போயிற்று என்று நினைத்தேன்.

மெலிந்த இரும்புத் தூண்கள், சுழல் படிக்கட்டு. படியும் தளமும் ஓட்டை ஓட்டையான இரும்புத் தகடு, எங்கள் தொழிலில் கிரேட்டிங் என்போம். காற்று புகுந்து போகும், மழைத்தண்ணீர் தேங்காது, தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. வரைந்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கல்லூரியிலிருந்து என்னோடு இருக்கும் கூட்டாளி, எஞ்சினியர், "சூப்பர் மச்சி, காத்துல பறந்துடாம நான் பாத்துக்கறேன்" என்றான்.

அட்டையில் செய்த மாதிரியைப் பார்க்க ஊர் சார்பில் மகளிர் குழுத் தலைவி வந்தார். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்த அந்த அம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். மாதிரியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுல ஆடு ஏறுமாம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆடு எதுக்கு ஏரி பாக்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். போன வெள்ளத்தில் ஊரே பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டது. அங்கே ஆடுகளை ஏற்ற இடமில்லை. அதனால் அவருடைய கணவரும் போகவில்லை. மாட்டு வண்டிமேல் ஆடுகளை ஏற்றி, வண்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போகாமல் பிடித்தபடி, விடியும்வரை மார்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் ஆளே இல்லை.

"மாடியிலேர்ந்து நானும் புள்ளைங்களும் கூப்ட்டுக்கினே இருந்தோம். காதுல வாங்கல. அடுத்த வாட்டியும் அதான் செய்வாரு. ஆடு ஏறலன்னா அவரு ஏற மாட்டாரும்மா."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் போனபிறகு கூட்டாளியிடம் வீம்பு பேசினேன். "மலையே ஏறுது ஆடு. என் படிக்கட்டு ஏறாதா?"

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. அதையே கேட்டுடலாம் வா" என்றான்.

பக்ரீத்துக்கு முந்தைய வாரம் அது. ராயப்பேட்டையில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. அவன் அப்பா, எனக்கும் அத்தாதான், ஆடு வாங்கி மொட்டை மாடியில் கட்டியிருந்தார். சாம்பிளுக்கு வைத்திருந்த கிரேட்டிங் தகட்டை ஆட்டோவில் ஏற்றினோம்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆடு நடக்கறதுக்கு."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டியை விரட்டினார்.

அத்தா ஆட்டைத் தெருவரை இறக்கி, எனக்காக மறுபடி ஏற்றிக் காட்டினார். சிமெண்டுப் படிகளில் அது அவரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. நான் கூட்டாளியைப் பார்த்து மிதப்பாகச் சிரித்தேன். பிறகு மொட்டை மாடியில் நாலு செங்கல் வைத்து, அதன்மேல் என் தகட்டைப் போட்டோம். ஆடு ஒரு காலை வைத்தது. ஓட்டை வழியாகக் கீழே பார்த்தது. காலை எடுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் அகத்திக்கீரையை நீட்டினேன். கழுத்தை மட்டும் நீட்டிக் கட்டு முழுவதையும் தின்று தீர்த்ததே தவிர, கால் நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளினால் உட்கார்ந்துகொண்டது.

"கீழ தெரியுதுல்லம்மா, அதுக்கு நம்பிக்கை வரல" என்றார் அத்தா. சாக்கை விரித்துப் போட்டதும் மகாராணி மாதிரி நடந்து போனது. நான் தரையில் படுத்து அதன் குளம்பைப் போட்டோ எடுத்தேன். தளம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட ஆட்டின் எடை வேண்டும் என்றான் கூட்டாளி. அத்தா அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார். "எழுதிக்கோ. இதுல பாதிக்கு மேல நான்தான்."

அந்த வாரம் முழுக்க எனக்கு மூக்குமேல் கோபம். ஆட்டின்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? புதிதாக வரைந்தேன். சுழல் படி போயிற்று. கோபுரத்தைச் சுற்றி ஏறும் அகலமான சரிவுப் பாதை, வழுக்காமலிருக்கக் கோடு போட்ட சிமெண்டுத் தரை. பாதி உயரத்தில், வெள்ளம் எட்டாத இடத்தில், கூரையோடு ஒரு பெரிய தளம். வெயில் நாளில் அங்கே வேர்க்கடலை மூட்டை அடுக்கலாம், மழை நாளில் ஆடுகள் நிற்கலாம். பாரம் கூடியதால் உயரத்தைக் குறைக்க வேண்டி வந்தது. பறவை பார்க்கும் இடம் உச்சியில் ஒரு சின்ன பால்கனியாகச் சுருங்கிவிட்டது.

தலைவி அம்மாளையும் கூட்டிக்கொண்டு பெசன்ட் நகர் போனோம். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "நான் கேட்டது கோபுரம். இது ஆட்டுப்பட்டி."

நான் வாதாடத் தயாராவதற்குள் அந்த அம்மாள் தன் கணவரின் கதையைச் சொல்லிவிட்டார். என்னிடம் சொன்ன அதே நிதானத்தில். டாக்டர் படத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"இந்த உயரத்துல நாரை தெரியுமா?"

"எங்க வூட்டு வேப்ப மரத்துலயே வந்து குந்துது சார். கீழ நின்னே பாக்கலாம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுங்கள் என்றார். இப்போதும் ஏரிக்குப் போய்வந்தால் எனக்குப் போன் போட்டு, பைனாகுலரை ஆடு நக்கிவிட்டது என்று புகார் சொல்வார்.

கட்டி முடித்த வருடமே ஐப்பசியில் பேய் மழை. அந்த ஊர்ப்பக்கம் ஏரி உடைந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் தலைவி அம்மாளுக்குப் போன் அடித்துப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை. காலையில் மாம்பலத்தில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நின்றபோது அந்த அம்மாளே கூப்பிட்டார். பின்னணியில் ஆடுகள் கத்துகிற சத்தத்தில் பாதி பேச்சு காதில் விழவில்லை.

"மேலதாம்மா இருக்கோம். ஊரே இங்கதான்."

"ஆடெல்லாம் ஏறிச்சா?"

"முட்டிக்கினு ஏறிச்சுங்க."

அடுத்ததைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமலே அவர் சொன்னார்.

"அவரும் இங்கதாம்மா கீறாரு. ஆட்டுக்கு நடுவுல தூங்கறாரு. எழுப்பவா?"

"வேண்டாம்மா" என்றேன். "தூங்கட்டும்."