அருந்ததிக்குப் பதினைந்து செகண்ட்

எங்கள் கல்யாண போட்டோக்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லையா? தாலி கட்டும்போதும் சரி, மாலை மாற்றும்போதும் சரி, புருவத்தை நெரித்து, வாயைத் திறந்துகொண்டு, நேராகக் கேமராவை முறைக்கிறேன். விஷயம் வேறு. நகரி மண்டபத்தில் போட்டோ எடுக்க வந்தவருக்கு, அப்பர்ச்சரைக் குறையுங்கள், ஃபிளாஷைக் கூரையில் அடியுங்கள் என்று மூன்று மணி நேரம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் பழைய கேமரா ஒன்றும், அதைவிடப் பழைய போட்டோ பத்திரிகைகள் நாலும் வாங்கியிருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதாதா?

கம்ப்யூட்டர் தெரிந்தவனெல்லாம் அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எனக்கும் விசா வந்திருந்தது. கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் ஃபிளைட். பெண்டாட்டிக்கு விசா எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரிண்டுகள் வந்த அன்று அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என் மாமன் மகள். பவர்லூம் சத்தத்தில் வளர்ந்தவள், எதையும் உரக்கத்தான் சொல்வாள். அன்று மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணுல கூட நீ மூஞ்சிய ஒழுங்கா வெச்சிக்கினு இல்லியே மாமா. நீ போய்ட்டா நான் எத்த பாத்துக்கினு இருக்கிறது? நாம ரெண்டு பேரும் நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்."

சித்தூரில் எந்த ஸ்டுடியோவுக்குப் போயிருந்தாலும் பத்து நிமிஷ வேலை. நான் ஒப்புக்கொள்வேனா? கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு ஐயர் மண்டபத்துக் கூரையைக் காட்டி, "அருந்ததி கனபடிந்தா?" என்று தெலுங்கில் கேட்டார். நாங்கள் இருவரும் சீலிங் ஃபேனைப் பார்த்து, தெரிகிறது என்று தலையாட்டினோம். அந்தப் பொய்யைத் திருத்தப்போவதாக அறிவித்தேன். நிஜமான அருந்ததிக்குக் கீழே நம் இருவரையும் நிறுத்திப் படம் எடுக்கிறேன், ஸ்டுடியோக்காரனால் முடியுமா என்றேன். அவள் நம்பினாள், பாவம்.

வைகாசி மாதம். பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், நைனா குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் நின்றால், எட்டு மணிக்கே வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். ஏழு நட்சத்திரத்தில் வால் பக்கத்திலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அவரை ஒட்டினாற்போலச் சின்னதாக அருந்ததி. கேமராவை வானத்துக்குத் திருப்பினேன். வெளிச்சம் காட்டும் முள் அசையவே இல்லை. இவ்வளவு தூரத்திலிருந்து என் கண்ணுக்கே தெரிவது ஃபிலிமுக்குத் தெரியாமல் போகுமா என்று, இரண்டிரண்டு செகண்டாக ஒரு ரோல் முழுக்க வானத்தை எடுத்துத் தள்ளினேன்.

சித்தூர் லேபில் இருந்தவர் ஒரு படம்கூடப் பிரிண்ட் போடவில்லை. "அந்தா பிளாங்க் சார், ஏமீ லேது," ஒன்றுமே இல்லை என்று வெறும் நெகட்டிவை நீட்டினார். ஃபிலிம் போட்டுத்தான் எடுத்தீர்களா என்று வேறு கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் வானியல் பேசிவிட்டு வந்தேன்.

மறுபடி பத்திரிகைகளைப் புரட்டினேன். பூமி சுற்றுகிற சங்கதியை அப்போதுதான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும், குறைத்தால் பதியவே பதியாது. என் லென்சுக்குப் பதினைந்து செகண்ட் என்று கணக்குப் போட்டேன். கீழே நிற்கிறவர்கள் தெரிய ஒரு ஃபிளாஷ். எப்பேர்ப்பட்ட மூளை!

ஃபிளைட்டுக்கு முந்தின நாள் இருட்டியதும் தோப்பில் இறங்கினோம். வீட்டு டியூப்லைட் தொந்தரவு செய்தது. கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன், போனதும் கைதட்டினேன். அவள் சிரித்தாள். "எங்க ஊர்ல கரண்ட் போனா தறி நின்னுடும், வாயில வந்தபடி திட்டுவோம். நீ ஒருத்தன்தான் மாமா கும்புடுற."

வானமும் ஆளும் சேர்ந்து தெரியவேண்டும் என்பதால் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தேன். கல்யாண வேட்டியோடு படுத்துப் பார்த்தேன். அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நின்றாள். நான் பட்டனை அழுத்துவேன், ஷட்டர் திறக்கும், அந்த நொடியே ஃபிளாஷ் அடிக்கும். உடனே எழுந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி அவள் பக்கத்தில் நின்று, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு, பதினைந்துவரை எண்ணுவேன். பிறகு ஓடிவந்து மூடுவேன். இப்படி முப்பத்தாறு தடவை. கடைசியில் எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு உடம்பெல்லாம் கொசுக்கடி.

ஒரு தடவை நான் ஒன்பது எண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பயமா இருக்குது மாமா. போவாத."

"உஸ், ஆடாதமே. பதினொண்ணு, பன்னெண்டு..."

இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ரோலை அவளிடமே கொடுத்தேன். கறுப்பாக இருந்தாலும் எல்லாப் படத்தையும் பிரிண்ட் போடவேண்டும் என்று லேபுக்குத் தெலுங்கில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கென்று ஒரு வரி எழுதவில்லை. சித்தூர்க்காரரிடம் சண்டை போட்டிருந்ததால் அவள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய்க் கொடுக்கவேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். முதல் சம்பளம் வந்ததும் நகரியில் அவள் தங்கியிருந்த மாமா வீட்டுக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்து எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்றா கேட்டேன்?

"நட்சத்திரம் புள்ளியா வந்திருக்கா, கோடா வந்திருக்கா?"

"புள்ளிதான் மாமா. நல்லா தெரியுது. வசிஷ்டர் தனியா, அருந்ததி தனியா."

"அடி சக்கை!" என்று நான் போட்ட கத்தலில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பதினைந்து செகண்ட், சொன்னேனா இல்லையா என்று அவனிடமும் சொன்னேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"முப்பத்தாறுலயும் நீ இல்ல மாமா."

எனக்கு உடனே புரிந்தது. ஆள்மேல் வெளிச்சம் விழுந்தது ஃபிளாஷ் அடித்த அந்த ஒரு நொடிதான். அந்த நொடியில் நான் கேமராவுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தேன். அப்புறம் நான் ஓடியதும், அவள் பக்கத்தில் நின்றதும், அவள் என் கையைப் பிடித்ததும் எல்லாம் இருட்டில். அவள் ஆடியிருந்தாலும் பேசியிருந்தாலும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் அத்தனை தூரத்திலிருந்து இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். ஷட்டர், ஃபிளாஷ், எக்ஸ்போஷர் ஒன்று விடவில்லை. முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல ரெண்டு பேரும் இருக்காங்க மாமா," என்றாள். "கீழ நான் மட்டும் நின்னுக்கினு இருக்கேன்."