கதவில் இல்லாமல் போன தாழ்ப்பாள்

ரயில் கதவு ஒரு சாண் திறந்ததும் என் மகளின் துப்பட்டா வெளியே பறந்தது. இரண்டு மாதமாகிறது. ஆனையூர் வீட்டில் வாசற்கதவைப் பூட்டிய பிறகும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன்.

சுற்றுலாப் பயணிகளுக்காக மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை ஓட்டவிருந்த பழைய மர ரயில்பெட்டிகளில் ஒன்று அது. அந்தப் பெட்டிகளின் ஒவ்வொரு பாகமும் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவற்றைச் சீர்செய்தவர் பேரையூர்க்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்போம்.

கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. பித்தளைக் கைப்பிடி போக, அடியில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் இருந்தது. பெட்டி செய்த கம்பெனியின் வரைபடத்தில் அது இல்லை. கழற்றச் சொன்னேன்.

"படத்துல இல்லாட்டி என்ன சார், வண்டியில இருந்துச்சுல்ல. பூக்கூடைக்காரம்மாக்க அம்புட்டுப் பேரும் கதவுல சாஞ்சுதான் உக்காருவாக. அதுக்காகத்தான் எங்க ஆளுக அடிச்சது" என்றார். பிற்காலத்து ஒட்டுவேலை என்று நான் குறிப்பெழுதினேன். ஆணித்துளைகளையும் அடைக்கச் செய்தேன். பளபளவென்று கதவு அழகாகத்தான் இருந்தது.

வெள்ளோட்டத்தன்று குடும்பத்தோடு ஏறினோம். மேஸ்திரி இருக்கையில் உட்காரவே இல்லை, கதவோரமாகவே நின்றார். "டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி நிக்கிறீங்களே" என்று கேலி செய்தேன். "கெடக்கட்டும் சார், இங்கன காத்து நல்லாருக்கு" என்றார்.

வளைவு ஒன்றில் பெட்டி குலுங்கியது. கதவில் சாய்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மகள். பித்தளைக் கைப்பிடி நழுவியது. நான் எழுந்திருப்பதற்குள் மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். ஆடித் திரும்பி வந்த கதவு அவருடைய இடக்கை விரல்களை நசுக்கியது. இரண்டு விரல்கள் இனி மடங்காதாம்.

மருத்துவமனையில் அவர் கட்டிலருகே போனேன். "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்றார். அறிக்கை எழுத வேண்டியிருப்பதைச் சொன்னேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாழ்ப்பா இல்லாத வண்டின்னு மட்டும் எழுதிராதீக. இருந்துச்சு, கழட்டிட்டோம்னு எழுதுங்க. எங்க ஆளுக அம்புட்டு அசட்டையா வண்டி ஓட்டல சார்."

கழற்றச் சொன்னது நான்தான் என்று எழுதினேன். எதற்காக அதை அடித்தார்கள் என்பதையும், பூக்கூடைக்காரப் பெண்களையும் சேர்த்து, அவர் சொன்னபடியே எழுதினேன். விபத்தில் சிக்கிய பயணியின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, அவள் பெயரை எழுதினேன்.