நிறுத்தாமல் விட்ட சேவர்

ஸ்டுட்கார்ட்டில் நிசாந்துக்குச் சம்பளம் தரும் வேலை ஒன்று, சம்பளமில்லாத வேலை ஒன்று. சம்பளமில்லாததில்தான் அவனுக்குப் பெயர். யாழ்ப்பாணத்தில் நடக்கும் செத்தவீடுகளை, போக வழியில்லாத சொந்தங்கள் இங்கிருந்து நேரலையில் பார்க்க ஒரு லினக்ஸ் சேவர் கணினியை நடத்திவந்தான்.

அந்தச் சேவருக்கு ஒரு நோய் இருந்தது. மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, எட்டாம் நாள் அளவில் உறைந்துவிடும். ஏனென்று தேட அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனமும் வாய்க்கவில்லை. சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு நிறுத்தித் திரும்ப இயக்குவான். இரண்டு நிமிட வேலை. இப்படியே மூன்று வருடம் ஓட்டிவிட்டான் கெட்டிக்காரன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மானிப்பாயில் அவனை வளர்த்த அண்ணன் பரராசசிங்கம் மாரடைப்பில் போனார். மறுநாளே எடுக்கிறார்கள். நிசாந்தின் பாஸ்போர்ட்டோ புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை.

சனி எட்டு மணிக்கு மெமரி விளிம்பில் நின்றது. நிறுத்தப் போனபோது போன் அடித்தது. டோர்ட்முண்டில் இருக்கும் கமலநாயகி, சனி எட்டு மணிக்கு நிறுத்துவான் என்று தெரிந்தவர். அவருடைய தாயாரின் செத்தவீடு அதே சேவரில் போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, கிரியையிலை இப்பத்தான் சுண்ணம் இடிக்கினம். இப்ப நிப்பாட்டிப் போடாதேங்கோ. அம்மாவை இனி எங்கை பாக்கிறது?”

“நிப்பாட்ட மாட்டன் அக்கா. நீங்கள் பாருங்கோ.”

அந்தத் தாயாரை எடுப்பதற்குள் அண்ணனின் கிரியை தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, தாங்கும் என்று நினைத்தான். வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக வந்தபோது படம் உறைந்தது. சேவரை எழுப்ப இருபது நிமிடம் பிடித்தது. அப்போது திரையில் வெறும் முற்றம். பதிவும் உறைந்த இடத்தோடு நின்றிருந்தது.

பின்னேரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. “பெட்டி மூட முதல் போனை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னனான் தம்பி, உங்களுக்காக. பாத்தனீங்கள்தானே?”

“ஓம் அண்ணி, பாத்தனான்.”

மறுநாள் மதியம் சேவரின் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தான். பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருந்தது. போனதற்கான வரி பலருக்கு இல்லை. கரண்ட் போயோ டேட்டா முடிந்தோ சொல்லாமல் அறுந்தவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணி, அவர்களுக்கான இடத்தைச் சேவர் விடாமல் பிடித்து வைத்திருந்தது. மெமரி நிரம்பியது அதனால்தான். கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம் போதுமாக இருந்தது.

அறுந்தவர்களின் பட்டியலில் அண்ணனும் இருந்தார். தம்பி நடத்துவது என்பதற்காகவே முன்பின் தெரியாதவர்களின் செத்தவீட்டையும் பார்ப்பவர். செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறார். போனதாக வரி இல்லை.

இரண்டு நிமிடம் பதில் வராவிட்டால் ஆள் போய்விட்டதாகக் கொள் என்று நிசாந் நிரலில் நாலு வரி எழுதினான். எழுதிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதான்.

அதன்பின் சேவர் ஒருநாளும் உறையவில்லை. அண்ணி மட்டும் பேசும்போதெல்லாம் கேட்கிறார்: “நித்திரை கொள்ளுற மாதிரித்தானே கிடந்தவர், என்ன தம்பி?”

“ஓம் அண்ணி” என்கிறான் நிசாந்.